இரவல் 'ம்'

திண்டிவனத்தில் அந்தத் தெருவில் நடந்த நிக்காஹ்களில் பாதிக்குச் சம்மதம் சொன்னது மணப்பெண் இல்லை. கமர்பீதான்.

பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பூச்சரத்துக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும். வாசலில் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் மாமனோ சித்தப்பனோ வக்கீலாக வந்து நிற்பான். கோர்ட்டு வக்கீல் இல்லை. பெண்ணிடம் சம்மதம் கேட்டு ஆம்பளைகள் சபையில் போய்ச் சொல்கிறவனுக்கு அந்தப் பேர். கூட இரண்டு சாட்சி. "இன்னார் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பான். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற தொகை. பெண் வாய் திறக்காது. திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் கமர்பீ முக்காட்டுக்குள்ளிருந்து "ம்" என்பாள். அம்பத்தெட்டு வயதுப் பொம்பளையின் குரல் அது என்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாது. பதினெட்டு வயசுக் குரல். வக்கீலுக்கும் தெரியும், சாட்சிக்கும் தெரியும். தெரிந்தேதான் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோருக்கும் பிரியாணி ஆறிவிடும் என்கிற கவலை.

"கமர்பீய உக்கார வையுங்கடி, ஜல்தியா முடியும்" என்பது அந்தத் தெருப் பேச்சு. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல், தம்பி மஸ்தான் வீட்டில் இருபது வருசமாகச் சோறு தின்கிறவளுக்கு ஊரில் வேறென்ன பெருமை இருக்கிறது?

அந்தப் பெருமை போன வருசம் நோன்பு மாதத்தில் செத்தது.

மஸ்தானின் மூத்த மகள் ஆபிதாவை விழுப்புரத்தில் கொடுத்திருந்தார்கள். ஆறு வருசம். நோன்பு பத்தில் இடது மணிக்கட்டு ஒடிந்து, ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். இனி போகமாட்டேன், என்னைப் பிரித்துவிடுங்கள் என்று ஜமாத்தில் கேட்டாள். ஜமாத் ஆபீசுக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதால் வெளி வராந்தாவில் நின்று சன்னல் வழியாகக் கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய மனுசன், "சம்மதம் சொன்னப்ப தெரியலியாம்மா?" என்றான். "நான் எங்க சொன்னேன்?" என்றாள் ஆபிதா. உள்ளே சிரிப்பு. நிக்காஹ் பதிகிற தப்தரைப் புரட்டிக் காட்டினார்கள். வக்கீல் கையெழுத்து இருந்தது, ரெண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தது, பேனாவைக் கையில் திணித்து வாங்கிய அவள் கையெழுத்தும் இருந்தது. "அப்ப ம் சொன்னது ஷைத்தானா?" என்று ஒருவன் கேட்டான்.

கமர்பீ அப்போது ஆபிதாவுக்குப் பின்னால்தான் நின்றாள். ஆபிதா திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தாள். அன்றிலிருந்து வேலை விசயம் தவிர அவளிடம் பேசுவதே இல்லை.

இப்போது இளையவள் தஸ்லீமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்.

வியாழக்கிழமை மழை விட்டு விட்டுத் தூறியது. மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற நேரம். மிசினில் போட்டால் பருப்புத் தோல் கழன்றுவிடும், தோல் கழன்றது முளைக்காது. அதனால் விதைக்கு மட்டும் கையால்தான் உடைக்க வேண்டும். மண்டிக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் கோணிச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தெளித்து ஓட்டை நமத்துப்போக வைத்து, நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினால் இரண்டாய்ப் பிளக்கும். நாலு நாளில் விரல் வெந்த மாதிரி ஆகிவிடும். விரல் நுனியில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஆபிதாவின் இடது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. முழங்காலுக்கு இடையில் காயை இடுக்கி வலது கையால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கமர்க்கா, மாப்ள இன்னா பண்றாரு?" என்றாள் குப்பம்மாள். காணை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறவள். கரும்பு வெட்டு இல்லாத நாளில் மல்லாட்டை உடைக்க வருவாள். வாய் ஓயாது.

"செஞ்சில செல்போன் கடை."

"பொண்ணு காலேஜி படிக்குது. அதுக்கு சம்மதமாமா?"

"மூணாவது வருசம். இன்னும் ஆறு மாசத்துல முடிஞ்சிடும். அவங்க போதும்னுட்டாங்க."

"அட இவனுங்களுக்கு! ஆறு மாசம் பொறுக்கமாட்டானாமா? எங்கூட்டு ஆளுதான் சாராயக் கடை தொறக்கிற வரைக்கும் பொறுக்கமாட்டான். செல்போன் கடைக்காரனுக்கு இன்னா கேடு?"

பொம்பளைகள் சிரித்தார்கள். ஆபிதா சிரிக்கவில்லை. கையில் இருந்த காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். காய்ந்த காயென்றால் உள்ளே பருப்பு கலகலக்கும். இது சத்தம் போடவில்லை. ஈரம். தனியாக எறிந்தாள்.

"அவனுக்குப் படிப்பு மட்டுமில்ல" என்றாள், யாரையும் பார்க்காமல். "பொண்ணு பாக்க வந்தப்பவே அவ போன வாங்கி உள்ள யார் யார் நம்பர் இருக்குதுன்னு பாத்தான். எல்லார் எதிர்லயும். எங்கத்தா பெருமையா சொல்றாரு, மாப்ள ரொம்ப பொறுப்புன்னு. என் ஊட்டுக்காரனும் மொதல்ல அதத்தான் வாங்கனான். அப்புறந்தான் கைய ஒடச்சான்."

குப்பம்மாள் அடுத்த பிடிக் காயை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலப் பாசஞ்சரில் தஸ்லீமா வந்தாள். விழுப்புரத்துக் காலேஜிலிருந்து திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தவள் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். பர்தாவின் கீழ் ஓரமெல்லாம் சேறு. பையைக் கூட இறக்கவில்லை. கமர்பீயின் எதிரில் குந்தினாள்.

"குப்பி, ஞாயித்துக்கெழம நீதான எம்பக்கத்துல உக்காரப்போற?"

அத்தாவோடு கூடப்பிறந்தவளை, அத்தையை, குப்பி என்பது அவர்கள் வழக்கம்.

"வேற யாரு உக்காருவா?"

"நீ ம் சொல்லாத."

கமர்பீ கையிலிருந்த காயை உடைக்காமல் பிடித்திருந்தாள். "நான் சொல்லலன்னாலும் ஒண்ணும் ஆவாது கண்ணு. கன்னிப் பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதம்னு சொல்லிடுவாங்க. அது சட்டமாம்."

"தெரியும். நான் பேசாம இருக்கமாட்டேன். ஆனா நான் பேசறதுக்கு முன்னாடி நீ உன் ம்ம போட்டுட்டா, அப்புறம் நான் கத்தனாலும் யாருக்கும் கேக்காது. அதுதான் கேக்கறேன். உன் வாய நீ வச்சிக்கோ. எனக்கு வேற ஒதவி வாணாம்."

"உங்கத்தாகிட்ட சொல்லிப் பாத்தியா?"

"பத்து தடவ. அம்மாகிட்ட இருவது தடவ. அவங்களுக்கு ஆபிதாக்காவப் பாத்தும் பயம் வர்ல, அக்கம்பக்கத்தப் பாத்துதான் பயம் வருது. ஒருத்தி திரும்பி வந்துட்டா, சின்னவளயும் ஜல்தியா தள்ளிடணும்னு."

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் கமர்பீ தலையைத் தடவி, எல்லாம் சரியாப் போயிடும் என்று பழைய பொய்யைச் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மஸ்தான் சாப்பிட உட்கார்ந்தான். மண்டியில் எடை போடுகிறவன். யார் சாக்கிலும் ஒரு பிடி அள்ளி ஆட்டிப் பார்க்காமல் தராசில் ஏற்றமாட்டான். விவசாயி சத்தியம் செய்தாலும் ஆட்டித்தான் பார்ப்பான். மல்லாட்டையிடம் கேட்கிற அளவுக்கு அவன் மகளிடம் கேட்டதில்லை. அவன் பெண்டாட்டி ஜைபூன் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். தஸ்லீமா அறைக்குள் இருந்தாள்.

கமர்பீ கதவோரம் நின்று, "மஸ்தானு, அந்தப் புள்ளய ஒரு வார்த்த கேளேன்டா" என்றாள்.

"இன்னா கேக்கணும்?"

"புடிச்சிருக்கா இல்லியான்னு."

"அதான் ஞாயித்துக்கெழம வக்கீல் வந்து கேப்பாருல்ல? மார்க்கத்துல அதுக்குன்னு ஒரு மொற வச்சிருக்குது. நடுவுல நாம யாரு?" கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "மூணு வருசம் ரயில் ஏத்தி வுட்டது என் தப்பு. பெரியவளால இந்தத் தெருவுல நான் தலகுனிஞ்சி நடக்கறேன். இவளும் இப்பிடி பேஜாரு பண்ணா நான் மண்டிக்கே போவமுடியாது."

"பெரியவ இன்னாடா தப்பு பண்ணா? கைய ஒடச்சவன் தல நிமுந்துதான நடக்கறான்?"

இது அவள் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஜைபூன் கரண்டியோடு அப்படியே நின்றாள். மஸ்தான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அக்காவை ஏறிட்டுப் பார்த்தான்.

"இருவது வருசமா இந்த ஊட்ல இருக்கற. உன்ன ஒரு நாளு ஒரு சொல்லு சொல்லியிருக்கறனா? ஞாயித்துக்கெழம ஒழுங்கா உக்காந்து எப்பவும் செய்யறத செய்யி. இன்னா, சரியா?"

"ம்" என்றாள் கமர்பீ.

பழக்கம். அறைக்குள்ளிருந்து தஸ்லீமாவின் வளையல் சத்தம் நின்றது. கேட்டுவிட்டாள். கமர்பீ அடுப்படிக்குப் போய், தண்ணீர் மொண்டு வாயைக் கொப்பளித்தாள். அவளைப் பதினஞ்சு வயதில் கட்டிக்கொடுத்தபோது அவளும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் அவளுடைய பெரியம்மா இருந்தாள். அந்த "ம்" இன்னும் காதில் இருக்கிறது, வெத்திலை வாசனையோடு. அதை இரவல் வாங்கித்தான் தெருவுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிறு காலையில் வெயில் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மூன்று பெரிய தேக்சாப் பாத்திரத்தில் பிரியாணி தம்மில் இருந்தது. தால்சா கொதிக்கிற வாசனை பெண்கள் அறைவரை வந்தது. ஜன்னல் பக்கம் குழந்தைகள் கத்தின. ஒரு மைக்கில் யாரோ செஞ்சியிலிருந்து வந்த வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தஸ்லீமா சிவப்புப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். கமர்பீ வலது பக்கம், ஜைபூன் இடது பக்கம், ஆபிதா பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். தஸ்லீமா குப்பியைப் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து பார்க்கவில்லை.

கமர்பீக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. கேள்வி வந்து விழுந்ததும் தொண்டை தானாகப் பதில் சொல்லிவிடும் என்று பயம். முந்தானையை நாலாய் மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். "குப்பிக்குப் பாசம்" என்று ஒருத்தி சொன்னாள்.

திரை ஆடியது. ஜைபூனின் அண்ணன் ஜபருல்லாதான் வக்கீல். தொண்டையைச் செருமி, மாப்பிள்ளை பேர், அவன் அத்தா பேர், மஹர் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, "உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமாம்மா?" என்றார்.

எல்லாக் கண்ணும் கமர்பீ மேல். ஜைபூன் மகளின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் கமர்பீயின் இடுப்பைக் கிள்ளினாள். கமர்பீ கடித்த துணியை விடவில்லை.

"எனக்கு சம்மதம் இல்ல, மாமு" என்றாள் தஸ்லீமா.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லும் தேயவில்லை. ஆறடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும்.

"அல்ஹம்துலில்லா, சம்மதம்" என்றார் ஜபருல்லா, திரைக்கு அந்தப் பக்கம். கையெழுத்துக்காகத் தப்தரைத் திரைக்குக் கீழே உள்ளே தள்ளினார்.

அவருக்குக் காதில் விழவில்லையா, விழுந்தும் விழாத மாதிரி இருந்தாரா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அத்தனை வருசமாக அந்த இடத்தில் "ம்"மைத் தவிர வேறு ஒன்றைக் கேட்டுப் பழகாத காது. சொல்லாத "ம்"மும் கேட்டிருக்கும்.

ஜைபூன் பேனாவை எடுத்து மகள் கையில் திணித்தாள். "போடுடி. போட்டுடுடி. எம்மானத்த வாங்காத." தஸ்லீமா விரல்களை மூடிக்கொண்டாள். ஜைபூன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

ஆபிதா சுவரை விட்டு வந்து, ஒடிந்து கூடிய கையால் அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடி பலமில்லை. ஆனால் ஜைபூன் நிறுத்திவிட்டாள்.

கமர்பீ வாயிலிருந்து துணியை எடுத்தாள். குனிந்து தப்தரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். எழுந்தாள். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

ஆம்பளைகள் ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். மாலையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் நிக்காஹ் ஓதிவைக்கிற பள்ளிவாசல் அஜ்ரத், வயது முப்பது இருக்கும், வேறு ஊர்க்காரர், வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. ஜபருல்லா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் விரித்த ஜமுக்காளத்தில் ஒரு பொம்பளை நடந்து வருவதைப் பார்த்துப் பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"ஏ கமர்பீ, எங்க வர்ற? பொம்பளைங்க பக்கம் போ" என்றார் ஜமாத் பெரியவர் ஒருவர்.

"அந்தப் பக்கத்துல சொன்னது இந்தப் பக்கத்துக்கு வர்ல பாய். அதான் கொண்ணாந்தேன்." தப்தரை அஜ்ரத் முன்னால் வைத்தாள். "பொண்ணு சம்மதம் இல்லன்னு சொல்லிடுச்சி. கையெழுத்தும் போடல."

"வெக்கத்துல ஏதாவது சொல்லியிருக்கும்" என்றார் ஜபருல்லா. "எங்காதுல ம்னு வுழுந்திச்சி."

"அந்த ம் எப்பவும் என்னுது ஜபருல்லா. இன்னிக்கி நான் சொல்லல. அப்ப உங்காதுல வுழுந்தது யாருது?"

யாரோ சிரித்து அடக்கினார்கள். அஜ்ரத் சாட்சிகளைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?"

"நான் திரைகிட்ட வரல அஜ்ரத். புதுச் செருப்பு. வெளிய வச்சிருந்தேன், அதப் பாத்துக்கினு நின்னுட்டேன்" என்றார் ஒரு சாட்சி.

"நீங்க?"

மற்றவர் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னா கேக்கறாரு?" என்றார். அவருக்குக் காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும்.

மஸ்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அக்கா, உள்ள போ. கெஞ்சிக் கேக்கறேன். உள்ள போ."

"ஒரு பிடி அள்ளி ஆட்டிப் பாக்காம நீ மூட்டைய தராசுல ஏத்துவியாடா?" என்றாள் கமர்பீ. குரல் உடைந்துவிட்டது. சின்னப் பெண் குரல் போய், வயசான பொம்பளையின் சொந்தக் குரல் வந்தது. "ஆபிதாவுக்கு நாந்தான் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கி ஜன்னலாண்ட அந்தப் புள்ள நான் சொல்லலன்னு சொல்லிச்சே, சிரிச்சீங்களே, அது நெசந்தான். அந்த ம் என்னுது. ஷைத்தான் இல்ல, நாந்தான். எத்தினி புள்ளைங்களுக்கு சொல்லியிருக்கறேன், எனக்கே தெரியல."

மாப்பிள்ளையின் அத்தா எழுந்துவிட்டார். "இன்னாங்க இது, ஊர் கூட்டி அசிங்கப்படுத்தறீங்களா? ஒரு கெழவி பேச்சக் கேட்டுக்கினு..."

"கெழவி பேச்சு வாணாங்க" என்று ஒரு குரல்.

தஸ்லீமா திரைக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். ஹாலுக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்றாள். முக்காடு நெற்றிவரைக்கும் இருந்தது. பின்னால் ஆபிதா.

"நான் தஸ்லீமா. மஸ்தான் மக. எனக்கு இந்த நிக்காஹுக்கு சம்மதம் இல்ல. யாரு கேட்டாலும், எத்தினி தடவ கேட்டாலும் இதான்."

எல்லோரும் அஜ்ரத்தைப் பார்த்தார்கள். அவர் ரொம்ப தைரியசாலி என்று சொல்லமுடியாது. இந்த ஊரில் தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் இந்தப் பெரிய மனுசர்கள் தயவில்தான். தப்தரின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடினார்.

"பொண்ணு வாயத் தொறந்து இல்லன்னு சொல்லிட்டா, நிக்காஹ் ஓத எனக்கு அனுமதி இல்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

செஞ்சி வேன்கள் அரை மணியில் கிளம்பிவிட்டன. பாதி பேர் சாப்பிடாமல் போனார்கள், பாதி பேர் சாப்பிட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். மிஞ்சியதைக் குப்பம்மாள் இருக்கிற காலனிக்கு ஆட்டோவில் அனுப்பினார்கள். "கல்யாணம் நின்ன சோறுன்னு சொன்னா நம்பமுடியாது, அவ்ளோ ருசி" என்று அவள் மறுநாள் கொட்டகையில் சொன்னாள். யாரும் பதில் சொல்லாததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இதோடு எல்லாம் நல்லதாக முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று ஜமாத்தில் வாய்வார்த்தையாக முடிவானது. எழுதிவைக்கவில்லை, எழுதினால் போலீசுக்குப் போவார்கள் என்று பயம். ஜபருல்லா தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜைபூன் பத்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை, ஆபிதாதான் உலை வைத்தாள். மஸ்தான் மண்டிக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். அக்காவிடம் பேசவில்லை. மகளிடமும் பேசவில்லை. ஆனால் தஸ்லீமா காலைப் பாசஞ்சருக்குக் கிளம்பினபோது வாசலில் கிடந்த அவனுடைய சைக்கிளை நகர்த்தி வழிவிட்டான். அதை மன்னிப்பு என்று சொல்வதா, சைக்கிளை நகர்த்தினான் என்று மட்டும் சொல்வதா, அவரவர் இஷ்டம்.

ஆபிதா மறுபடியும் ஜமாத் வராந்தாவுக்குப் போனாள். இந்தத் தடவை கமர்பீ முன்னால் நின்றாள். சன்னலுக்குள்ளே பார்த்து, "எழுதிக்குங்க, நான் சொன்னதுன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுதவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

அன்றைக்குத் திரும்பி வந்து இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். கடைசி மூட்டைகள். மழை நின்று பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். கமர்பீ ஒரு காயை உடைத்தாள். இன்னொன்றை உடைத்தாள்.

"ஆபிதா."

ஆபிதா நிமிரவில்லை.

"எம்மேல இன்னும் கோவமா இருக்கறியா?"

ஆபிதா முழங்கால் இடுக்கில் இருந்த காயை எடுத்தாள். உடைக்கவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கமர்பீக்குத் தெரியும், அந்தத் தெருப் பெண்கள் இப்படிப்பட்ட கேள்விக்கு என்ன சொல்வார்கள் என்று. தலையைக் கவிழ்த்து "ம்ஹூம்" என்பார்கள். அல்லது சும்மா இருப்பார்கள், அதையும் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆபிதா தலையைத் தூக்கி அவள் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமா குப்பி. கோவமாத்தான் இருக்கறேன். போவுமான்னு தெரியல."

சொல்லிவிட்டுக் காயை உடைத்தாள். கமர்பீக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் ஒரு பெண் தன் வாயால் சொன்ன பதில் அது, முழுசாக, அவளுக்கு நேராக. கைநீட்டி ஆபிதாவின் கூடையைத் தன் பக்கம் இழுத்து, கையால் அமுக்க முடியாத கெட்டிக் காய்களை மட்டும் பொறுக்கித் தன் குவியலில் போட்டுக்கொண்டாள். ஆபிதா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று கமர்பீ எடுத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோ" என்றாள் ஆபிதா.